வற்றிய ஏரிகளை வாசித்தவர்

நுழையும்முன்

ஏரி வற்றினால் நீர் மறையும். மீனும் கொக்கும் மறையும். ஆனால் நீருக்கு அடியில் ஆண்டுதோறும் படிந்த சேறு அங்கேயே கிடக்கும். அச்சேற்றில் ஓர் இலை, ஒரு விதை, ஒரு நத்தை ஓடு என எத்தனையோ பொருள்கள் புதைந்திருக்கும். இலட்சக்கணக்கான ஆண்டுகள் கழித்து அவற்றை எடுத்து, அந்த ஏரி எப்படி இருந்தது, அதன் நீர் எங்கே சென்றது என்று கேட்டவர்களுள் முதன்மையானவர் பீர்பால் சகானி. தாவரத்தைக் கொண்டு நீரின் வரலாற்றை அறிந்த அவ்வறிஞரின் வாழ்வையும், அவருக்குப் பின் வந்தோர் அதே கேள்விக்கு வேதியியல் வழியில் விடை தேடியதையும் இப்பாடம் கூறுகிறது.

ஜீலம் ஆற்றங்கரையில்

பஞ்சாபில், ஜீலம் ஆற்றங்கரையில் பேரா என்னும் பழைமையான ஊர் உள்ளது. இன்று அது பாகிஸ்தானைச் சேர்ந்தது. அவ்வூரில் 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் உருசிராம் சகானி, ஈசுவர் தேவி இணையருக்கு மகனாகப் பிறந்தார் பீர்பால் சகானி. ஊருக்கு அருகில் உப்புமலைத் தொடர் நீண்டு கிடக்கிறது. பாறைகளும் தொல்லுயிர் எச்சங்களும் நிறைந்த அம்மலையும் அந்த ஆறும் பின்னாளில் அவருடைய ஆய்வோடு தொடர்பு கொண்டன.

தந்தை உருசிராம் இலாகூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். கல்லூரிக்கு வெளியேயும் அறிவியல் பரவ வேண்டும் என விரும்பி, கடைவீதியில் தொழில் செய்யும் எளிய மக்களுக்கும் புரியும் வண்ணம் பஞ்சாபி மொழியில் செய்முறை விளக்கங்களுடன் சொற்பொழிவாற்றியவர். விடுமுறை வந்தால் பிள்ளைகளை இமயமலைக்கு அழைத்துச் செல்வார். பல நாள் நீளும் அந்நடைப்பயணங்களில் செடிகளைத் திரட்டுவதும் பாறைகளை உற்று நோக்குவதும் சகானியின் வழக்கமாயின. நூலைப் படிக்கும் முன்பே நிலத்தைப் பார்க்கப் பழகியது அவருடைய இளமை.

கேம்பிரிட்ஜில் கல்வி

இலாகூரில் பட்டம் பெற்ற சகானி, 1911ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். தொல்தாவரவியலில் பெரும்புகழ் பெற்றிருந்த ஆல்பர்ட் சீவார்டு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். மறைந்துபோன காலத்துச் செடியின் இலை, தண்டு, விதை ஆகியவை கல்லாக உறைந்து கிடப்பதை அறுத்துத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து, அதன் உறவுமுறையை அறியும் கலையை அவரிடம் சகானி கற்றார்.

இங்கிலாந்தில் இருந்தபோதே அவர் செய்த ஒரு பணி மாணவர் நினைவில் கொள்ளத்தக்கது. அக்காலத் தாவரவியல் பாடநூல்களில் காணப்பட்ட செடிகள் பெரும்பாலும் இந்திய மாணவர் கண்ணால் காணாதவை. லாசன் என்பார் எழுதிய பாடநூலை, இந்தியச் செடிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு திருத்தி அமைப்பதில் சகானி பங்கேற்றார். தம் நாட்டு மாணவன் தன் ஊர்ச் செடியைக் கொண்டே தாவரவியல் கற்க வேண்டும் என்பது அதன் பயன்.

1919இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற அவர், தாயகம் திரும்பினார். 1920இல் சாவித்திரி அம்மையாரை மணந்தார். களப்பயணங்களில் உடன் சென்றும், தொல்லுயிர் எச்சங்களை வரைந்தும் ஒளிப்படம் எடுத்தும் கணவரின் ஆய்வுக்குத் துணைநின்றவர் அவ்வம்மையார்.

இலக்னோவில் ஆசிரியப் பணி

காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் பஞ்சாப் பல்கலைக்கழகத்திலும் சிறிது காலம் பணியாற்றிய சகானி, 1921ஆம் ஆண்டு இலக்னோ பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கப்பட்ட தாவரவியல் துறையின் பேராசிரியரானார். இறுதிவரை அங்கேயே பணிபுரிந்தார். அத்துறை இந்தியாவின் தொல்தாவரவியல் ஆய்வுக்குத் தலைமையிடமாக வளர்ந்தது. 1943இல் அப்பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை அமைந்தபோது அதன் பொறுப்பையும் ஏற்றார். செடியை அறியாதவன் அது புதைந்த பாறையை அறிய இயலாது. பாறையை அறியாதவன் செடியின் காலத்தை அறிய இயலாது. இரண்டையும் ஒரே ஆசிரியர் கற்பித்தது மாணவர்க்குப் பெரும்பேறாயிற்று.

இராஜமகால் மலைப்பகுதியில் கிடைத்த எச்சங்களைக் கொண்டு, பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வில்லியம்சோனியா என்னும் செடியின் முழு வடிவத்தை அவர் மீட்டமைத்தார். அதற்குத் தம் ஆசிரியர் சீவார்டின் பெயரைச் சூட்டினார். 1936ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

எரிமலைக் குழம்பிடையே ஏரிகள்

தக்காணப் பீடபூமியின் பெரும்பகுதி எரிமலைக் குழம்பு உறைந்து உருவானது. அக்குழம்பு ஒரே முறையில் வழிந்து நின்றுவிடவில்லை. ஒரு முறை வழிந்து ஆறிய பின், அடுத்த முறை வழியும் வரை நெடுங்காலம் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் மழைநீர் பள்ளங்களில் தேங்கி ஏரிகளாயிற்று. ஏரிகளில் செடிகள் தழைத்தன. பிறகு மீண்டும் குழம்பு வழிந்து அவற்றை மூடியது. இவ்வாறு இரு குழம்படுக்குகளுக்கு இடையே சிக்கிய ஏரிப்படிவுகள் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் மிகுதியாகக் காணப்படுகின்றன.

அப்படிவுகளைச் சகானி பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவற்றில் கிடைத்தவற்றுள் ஒன்று அசோலா. இன்று நம் உழவர்கள் நெல்வயலில் பசுந்தாள் உரமாக வளர்க்கும் அதே இனத்தின் மிகப் பழைய உறவு அது. அசோலா ஓடும் வெள்ளத்தில் நிலைக்காது, உப்புநீரிலும் தழைக்காது. தேங்கி நிற்கும் நன்னீரில்தான் மிதந்து பெருகும். ஆகவே அந்தச் சிறுசெடி கிடைத்த இடத்தில் ஒரு காலத்தில் அமைதியான நன்னீர்நிலை இருந்தது என்பது உறுதியாயிற்று. நீர் போய்விட்டது, நீர் இருந்ததற்குச் சான்று கல்லில் நின்றது.

இவ்வாய்வின் பயனைச் சகானி தமிழ்நாட்டு மண்ணில் உலகறியச் செய்தார். 1940ஆம் ஆண்டு சென்னையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய அவர், தக்காண எரிமலைப் பாறைகளின் காலத்தையே தம் தலைமையுரையின் பொருளாகக் கொண்டார்.

தெரியுமா?

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிப்போன மரத்தண்டுகள் ஏராளமாகக் கிடக்கின்றன. அவ்விடம் இன்று தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. அங்குள்ள ஊசியிலை மர வகை ஒன்றை மறுஆய்வு செய்து, 1931இல் அதற்குப் புதிய அறிவியற்பெயர் அளித்தவர் பீர்பால் சகானி.

மலைமேல் ஏறிய ஏரி

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் பெரும் ஏரியாக இருந்தது என்பது அந்நாட்டு மக்களிடையே தொன்றுதொட்டு வழங்கும் கதை. நிலவியலும் அதை வேறு வகையில் மெய்ப்பிக்கிறது. பள்ளத்தாக்கெங்கும் தட்டையான உச்சியுடைய மேடுகள் காணப்படுகின்றன. அவற்றைக் காஷ்மீர மக்கள் கரேவா என்பர். குங்குமப்பூ விளையும் பாம்பூர் வயல்களும் அத்தகைய மேடுகளே. களிமண்ணும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்த இம்மேடுகள், மறைந்துபோன ஏரியின் அடித்தரை ஆகும்.

அந்த அடித்தரையின் ஒரு பகுதி பள்ளத்தாக்கில் இல்லை. பீர்பஞ்சால் மலையின் சரிவில், 10,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் சாய்ந்து கிடக்கிறது. அங்குக் கிடைத்த இலைப்பதிவுகளையும் காய்களையும் சகானியும் அவர் வழியில் வந்த மாணவர்களும் ஆராய்ந்தனர். அவற்றுள் வடநாட்டார் சிங்காரா என வழங்கும் நீர்க்கொடியின் காயும் இருந்தது. கொம்புகள் உடைய அக்காயை இன்றும் காஷ்மீர மக்கள் வூலர் ஏரியில் திரட்டி உண்கின்றனர். வூலர் ஏரியோ ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ளது. தாழ்ந்த, வெதுவெதுப்பான நீரில் விளையும் கொடி, பனி உறையும் மலைச்சரிவில் எவ்வாறு விளைந்திருக்கும்?

கொடி மலைமேல் ஏறவில்லை. அது வாழ்ந்த ஏரித்தரையே மலையோடு மேலெழுந்தது என்பதே ஏற்கத்தக்க விடை. 1936ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரைகளில் இக்கருத்தைச் சகானி விரித்துரைத்தார். இமயம் என்றும் அசையாது நிற்பது என்ற எண்ணத்திற்கு மாறாக, மனிதஇனம் தோன்றிய பின்னும் அது உயர்ந்துகொண்டிருந்தது என்றார்.

பிற்கால ஆய்வுகள் இந்த ஏரியின் கதையை மேலும் தெளிவாக்கின. பீர்பஞ்சால் உயர்ந்தபோது ஆறுகளின் வழி அடைபட்டு நீர் தேங்கியது. ஏறத்தாழ 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கு ஏரிப்படிவுகள் சேரத் தொடங்கின. பின்னர்ப் பாரமுல்லாவுக்கு அருகே மலையை அறுத்து வழி கண்ட ஜீலம் ஆறு, அந்நீரை வடித்துச் சென்றது. பேரா நகரைத் தொட்டு ஓடும் ஆறும் அதுவே. சிறுவன் சகானி கரையில் நின்று பார்த்த ஆறுதான், அறிஞர் சகானி ஆராய்ந்த ஏரியை வற்றச் செய்தது.

தவறிய முடிவு

சகானியின் முடிவுகள் அனைத்தும் காலத்தை வென்று நின்றன என்று கூற இயலாது. தாம் பிறந்த ஊருக்கு அருகிலுள்ள உப்புமலைத் தொடரின் உப்புப் படிவுகள் எக்காலத்தவை என்ற விவாதம் அன்று கடுமையாக நடந்துவந்தது. அவை மிகத் தொன்மையானவை என்றனர் ஒரு சாரார். உப்பிலும் களிமண்ணிலும் நுண்ணிய தாவரத் துணுக்குகளைக் கண்ட சகானி, அவை பூக்கும் தாவரங்கள் தோன்றிய பின்னரே படிந்திருக்க வேண்டும் என வாதிட்டார். பின்னாளில், அப்படிவுகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்பது உறுதிப்பட்டது. அத்துணுக்குகள் சான்றாகக் கொள்ளத்தக்கவை அல்ல என்றாயிற்று.

இத்தவறு ஒரு படிப்பினையைத் தருகிறது. சான்று ஒன்றே ஆயின், அதனை எவ்வளவு கூர்ந்து நோக்கினும் முடிவு பிழைபடலாம். ஒரு வகைச் சான்றைத் தன்னிலும் வேறான இன்னொரு வகைச் சான்று ஒத்துரைக்கும்போதே முடிவு வலுப்பெறும். சகானி தம் வாழ்வின் இறுதியில் உருவாக்க முயன்ற நிறுவனமும் இத்தகைய பன்முக ஆய்வுக்கு இடமளிப்பதாகவே வளர்ந்தது.

அடிக்கல்லும் இறுதி நாளும்

தொல்தாவரவியலுக்கெனத் தனி நிறுவனம் ஒன்று இந்தியாவில் அமைய வேண்டும் என்பது சகானியின் நெடுநாள் கனவு. 1946ஆம் ஆண்டு இலக்னோவில் அதனைத் தொடங்கினார். தம் நூல்களையும், திரட்டி வைத்த தொல்லுயிர் எச்சங்களையும், தம் உடைமைகளையும் அதற்கு அளித்தார்.

1949ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், நிறுவனத்தின் கட்டடத்திற்குத் தலைமையமைச்சர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல் வெறும் கல்லன்று. பல நாடுகளின் தொல்லுயிர் எச்சங்களைப் பதித்துச் சகானி உருவாக்கியது. விழா நடந்து ஒரு வாரமே ஆயிற்று. ஏப்ரல் 10ஆம் நாள் மாரடைப்பால் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 57.

கட்டடம் எழவில்லை, தலைவர் இல்லை. அந்நிலையில் சாவித்திரி அம்மையார் பொறுப்பை ஏற்றார். கணவரை இழந்த துயரோடு, அவர் விட்டுச்சென்ற பணியைத் தோளில் சுமந்தார். 1953ஆம் ஆண்டு சனவரியில் கட்டடம் நேருவால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்நிறுவனம் இன்று பீர்பால் சகானி தொல்லறிவியல் நிறுவனம் என்னும் பெயரில் இயங்குகிறது. அங்குப் பணியாற்றிய குர்தீப் சிங், இராஜஸ்தானின் சாம்பர், தித்வானா, லுங்கரன்சர் ஆகிய உப்பேரிகளின் படிவுகளில் இருந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்து, அப்பாலைநிலத்தில் ஒரு காலத்தில் இன்றைவிட மழை மிகுந்திருந்ததைக் காட்டியவர்.

நீரின் எடை சொல்லும் கதை

சகானி தம் நிறுவனத்தைத் தொடங்கிய அதே காலத்தில், அமெரிக்காவில் ஹெரால்டு யூரி என்னும் வேதியியலறிஞர் இதே கேள்விக்கு வேறொரு வழியைத் திறந்தார். கனஹைட்ரஜனைக் கண்டறிந்ததற்காக 1934இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். ஓரினத் தனிமத்தின் அணுக்களுள் எடையில் வேறுபட்டவை ஐசோடோப்புகள் எனப்படும். அவற்றுள் சிதையாமல் நிலைத்திருப்பவற்றின் விகிதம், பழங்காலத் தட்பவெப்பத்தை அறிய உதவும் என 1947இல் யூரி காட்டினார்.

இதனை நம் ஊர் ஏரியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் மணவூர், திருவாலங்காடு ஆகிய ஊர்கள் உள்ளன. அப்பக்கத்து ஏரி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஏரிநீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் ஏறத்தாழ அனைத்தும் 16 என்னும் நிறையுடையவை. ஆயிரத்திற்கு இரண்டு மட்டும் 18 என்னும் நிறையுடைய கனமான அணுக்கள். பங்குனி, சித்திரை வெயிலில் நீர் ஆவியாகும்போது இலேசான நீர் எளிதில் மேலெழும். கனமான நீர் பின்தங்கும். நாள்தோறும் ஏரி சுருங்கச் சுருங்க, எஞ்சிய நீரில் கன ஆக்சிஜனின் பங்கு கூடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து, ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே கோடிபோனால், பழைய நீர் வெளியேறிப் புதுநீர் நிறையும். கன ஆக்சிஜனின் பங்கு மீண்டும் குறையும்.

அந்நீரில் வாழும் நத்தை, நீரிலிருந்தே தன் ஓட்டைக் கட்டிக்கொள்கிறது. எனவே அவ்வாண்டின் நீர் கனத்திருந்ததா, இலேசாயிருந்ததா என்னும் செய்தி ஓட்டில் பதிந்துவிடும். நத்தை இறந்து சேற்றில் புதையும்; மறு ஆண்டின் சேறு அதன்மேல் படியும். பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து அச்சேற்றை அடுக்கு அடுக்காக எடுத்து, ஓடுகளை நிறை நிறமாலைமானியில் அளந்தால், வறண்ட காலமும் நிறைந்த காலமும் வரிசையாக வெளிப்படும். ஏரியிலிருந்து நீர் வழிந்தோடியதா, வழியின்றித் தேங்கி ஆவியானதா என்பதும் தெரியவரும்.

இம்முறை இந்தியாவில் அரிய பயன் தந்துள்ளது. அரியானாவில் கோட்லா தகர் என்னும் வறண்ட ஏரியின் நத்தை ஓடுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து, 2014ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 4,100 ஆண்டுகளுக்கு முன் ஓடுகளில் கன ஆக்சிஜன் திடீரென மிகுந்திருந்தது. பருவமழை தளர்ந்து ஏரி சுருங்கியதையே அது காட்டியது. சிந்துவெளி நகரங்கள் நலிவுறத் தொடங்கிய காலத்தோடு இது நெருங்கி வருவதால் வரலாற்று ஆய்வாளர்களும் இதனைக் கருத்தில் கொள்கின்றனர்.

கார்பனின் ஐசோடோப்புகளும் இவ்வாறு பயன்படுகின்றன. சகானி ஆராய்ந்த கரேவா ஏரிப்படிவுகளின் கார்பனை இந்திய ஆய்வாளர்கள் அளந்து, பழங்காலத் தட்பவெப்ப மாற்றங்களை 1986இல் விளக்கினர். நீலகிரியின் சதுப்புநிலக் கரிமண்ணில் செய்த இத்தகைய ஆய்வு, கடந்த 20,000 ஆண்டுகளில் பருவமழை வலுத்ததையும் தளர்ந்ததையும் 1993இல் வெளிக்கொணர்ந்தது.

ஆனால் கருவி வந்துவிட்டதால் செடியின் சான்று வேண்டாததாகிவிடவில்லை. கன ஆக்சிஜன் மிகுவதற்கு ஆவியாதல் மட்டுமே காரணமன்று. நீரின் வெப்பநிலையும் மழை தந்த மேகத்தின் வழியும் அதனை மாற்றும். எது உண்மைக் காரணம் என்று தெளிய, அதே அடுக்கில் எந்தச் செடி வளர்ந்தது, எந்த மகரந்தம் விழுந்தது என்று பார்த்தாக வேண்டும். இலையும் ஓடும் ஒரே விடை கூறும்போதே ஆய்வாளர் துணிந்து முடிவு கூறுகின்றனர். ஒற்றைச் சான்றால் உப்புமலையில் நேர்ந்த பிழை, இவ்வாறு பல சான்றுகளை இணைத்து நோக்கும் முறையால் தவிர்க்கப்படுகிறது.

ஏரித்தரையின் மதிப்பு

மழை எந்த ஆண்டு பொய்த்தது, எத்தனை ஆண்டு தொடர்ந்து பொய்த்தது என்பதற்கு நம்மிடம் உள்ள அளவீடுகள் சில நூற்றாண்டுகளுக்கு மேல் செல்வதில்லை. அதற்கு முற்பட்ட கணக்கு ஏரிகளின் அடித்தரையில் உள்ளது. வருங்காலத்தில் பருவமழை எவ்வாறு நடந்துகொள்ளும் என்று கணிப்பவர்கள், கடந்த காலத்தில் அது எவ்வாறு நடந்துகொண்டது என்பதை அறிந்தாக வேண்டும். வறண்ட ஏரியைத் தூர்த்து மனையாக்கினால் நீர் தங்கும் இடம் மட்டும் அழிவதில்லை. நீரைப் பற்றிய அந்தப் பழங்கணக்கும் அழிகிறது.

சகானி, தம் கட்டடம் எழுவதைக் காணவில்லை. தாம் ஆராய்ந்த ஏரிப்படிவின் கார்பன் அளக்கப்பட்டதையும் காணவில்லை. எனினும் அந்த ஏரியைப் பற்றி அவர் எழுப்பிய கேள்வி அவரோடு நின்றுவிடவில்லை. அவர் நிறுவிய இடத்திலும் பிற ஆய்வுக்கூடங்களிலும் அடுத்தடுத்த தலைமுறையினர் அதற்கு விடை தேடி வருகின்றனர்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊர் ஏரிக்கு நீர் எவ்வழியே வருகிறது, எவ்வழியே வெளியேறுகிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து வரைபடமாக வரைக.

2. ஏரி நிரம்பிக் கோடிபோன ஆண்டுகளையும் முற்றிலும் வற்றிய ஆண்டுகளையும் உங்கள் ஊர் முதியோர் நினைவிலிருந்து தொகுத்து அட்டவணைப்படுத்துக.

3. உப்புமலைத் தொடரின் காலம் பற்றிய சகானியின் முடிவு பிழைபட்டதற்கான காரணத்தை ஆராய்ந்து, அறிவியலில் பிழையின் இடம் என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. நத்தை ஓடு ஒன்று தன் ஏரியின் கதையைத் தானே கூறுவதுபோல் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.